திரும்பும்போது இடது பக்கம்

என் அத்தையைத் தாண்டாமல் யாரும் அந்தப் பூங்காவுக்குள் போக முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். ஒருவர் உட்கார்ந்து இன்னொருவர் நின்றால் நிறைந்துவிடும் தகரக் கூரை அறை. முன்னால் கம்பி வலை. அதில் ஒரு கை நுழையும் அளவுக்கு அரைவட்டமாக ஓர் ஓட்டை. டிக்கெட்டும் சில்லறையும் போய் வருவதற்காக வெட்டிய ஓட்டை அது. அத்தை அதன் வழியாக ஒரு காட்டையே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் இல்லை. தேசியப் பூங்கா. வருடத்தில் மூன்று மாதம் ஆறு கரையைத் தாண்டி வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டவன் போலக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும் சமவெளி. அந்த மூன்று மாதமும் வாசலைப் பூட்டிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் ஆளுயரப் புல்லும், குட்டைகளும், சேறும் மிஞ்சும். கூடவே மான்கள், நீர்நாய்கள், நாரைகள், கூழைக்கடாக்கள், முதலைகள். உள்ளே ஒரே ஒரு மேட்டுச் சாலை. கடைசியில் ஒரு கண்காணிப்புக் கோபுரம். போன வழியேதான் திரும்பி வர வேண்டும். சாலை நெடுக, வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்க, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கம்பங்கள் நட்டிருப்பார்கள். மொத்தம் இருபத்திரண்டு. உள்ளே யார் எதைப் பார்த்தாலும் இடம் சொல்வது இந்தக் கம்பங்களின் எண்ணை வைத்துத்தான்.

அத்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். கவுண்டரில் இருந்த ஒரு பெண் பிரசவ விடுப்பில் போனபோது இரண்டு மாதத்துக்கு என்று சேர்ந்தார். அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது. அத்தை எழுந்திருக்கவில்லை. மாமா பஸ் கண்டக்டர். வீட்டில் இரண்டு பேருமே சீட்டுக் கிழிப்பவர்கள் என்பதால், மூன்றாவதாக யாராவது பேச வந்தால்கூட முதலில் எங்கே போகணும் என்றுதான் கேட்பார்கள்.

உள்ளே போகிறவர்களுக்கு டிக்கெட்டோடு மஞ்சள் நிறத்தில் ஒரு திரும்புச் சீட்டும் உண்டு. வெளியே வந்ததும் அதைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாலையில் எல்லாச் சீட்டும் திரும்பி வந்திருந்தால், அன்று யாரையும் முதலை சாப்பிடவில்லை என்று அர்த்தம். சீட்டை நீட்டுகிறவரை அத்தை சும்மா விடமாட்டார். என்ன பார்த்தீர்கள், எத்தனாவது கம்பம், எந்தப் பக்கம், போகும்போதா வரும்போதா, எத்தனை, குட்டி இருந்ததா, என்ன செய்துகொண்டிருந்தது என்று துருவித் துருவிக் கேட்பார். சீட்டின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்வார். அடுத்த வண்டிக்காரர்கள் டிக்கெட் வாங்க வந்ததும் ஓட்டைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, ரகசியம் போலச் சொல்வார்.

"ஆறாம் கம்பம். இடது பக்கம். நீர்நாய் குடும்பம். அம்மா மீன் பிடிச்சுக் குடுத்துட்டிருக்கும். சத்தம் போடாதீங்க."

கேட்பவர்களுக்கு, இந்த அம்மா காலையில்தான் அந்த நீர்நாயோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறார் என்று தோன்றும். வெளியூர்க்காரர்கள் இரண்டாம் முறை வந்தால் முதலில் அத்தையைத்தான் விசாரிப்பார்கள். வருகையாளர் புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் அவரைப் பற்றித்தான்: "கவுண்டரில் இருக்கும் அம்மா சொன்னபடியே பார்த்தோம்." கூடவே இன்னொரு வரியும் தவறாமல் இருக்கும்: "போகும்போது ஒன்றும் தென்படவில்லை. திரும்பும்போதுதான் எல்லாம் வந்தன."

இந்த இரண்டாவது வரியில்தான் நான் வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது விலங்கியல். கடைசி வருடம் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். என் வகுப்பில் மற்றவர்களுக்குச் சித்தப்பா மருத்துவர், அக்கா ஆசிரியை என்று யாராவது கைகொடுக்க இருந்தார்கள். எனக்கு இருந்தது அத்தையின் மூன்று சாக்கு திரும்புச் சீட்டுகள். உட்கார்ந்து பிரித்தேன். விலங்குகளைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் திரும்பும் வழியில்தான் பார்த்திருந்தார்கள். நான் உள்ளே போயிருந்த இரண்டு முறையும் எனக்கும் அப்படியே நடந்தது. ஆகவே எழுதினேன்: போகும்போது வண்டிச் சத்தம் கேட்டு விலங்குகள் ஒளிந்துகொள்கின்றன, அது ஆபத்தில்லை என்று பழகிய பிறகு, திரும்பும்போது வெளியே வருகின்றன. போகும்போதே பார்த்துவிட்ட சிலரை "விதிவிலக்குகள்" என்று ஒரு தனிப் பட்டியலில் போட்டேன். அத்தை அவர்களை இன்னும் எளிமையாக, "சரியாப் பாக்கத் தெரியாதவங்க" என்று பிரித்து வைத்திருந்தார்.

பேராசிரியர் சிவப்பு மையில் "அருமை" என்று எழுதினார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அத்தை அதன் முதல் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு கவுண்டருக்குள் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு "டிகிரி" என்று பேர் வைத்தார். பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு டியூஷன் சென்டரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மண்புழுவின் படம் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நிஜமாகவே என்ன தெரியும் என்று இரவில் அல்ல, பட்டப்பகலில், கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதே சந்தேகம் வரும். அப்போதெல்லாம் அந்த "அருமை"யை நினைத்துக்கொள்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பூங்காவுக்கு வார விடுமுறை, அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். அத்தை உள்ளே வந்து உட்காராமல், துணி காயப் போட்டிருந்த பின்பக்கத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். ஒரு போர்வைக்கும் இன்னொரு போர்வைக்கும் நடுவில் நின்றுகொண்டு கேட்டார்.

"டிகிரி, நீ உள்ளே போயிருக்கல்ல?"

"ரெண்டு தடவை, அத்தை."

"எப்படி இருக்கும்?"

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். "நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

"நான் சொன்னது கிடக்கட்டும்டி. நீ பாத்ததைச் சொல்லு. நான் போனதில்லை."

"எங்க?"

"உள்ளேதான்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. பத்தொன்பது வருடம். மூன்று சாக்குச் சீட்டு. நீர்நாயின் குடும்ப விவகாரம் வரை தெரிந்தவர்.

"முதல் வருஷம் நேரமில்லை" என்றார் அத்தை. "காலையில உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பேன். எனக்கு லீவுன்னா பூங்காவுக்கும் லீவு. ரெண்டாம் வருஷம் வெக்கமாப் போச்சு. இத்தனை பேருக்குச் சொல்லிட்டு, இப்ப போய் 'என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க'ன்னு யார்கிட்ட கேக்கறது? மூணாம் வருஷத்துலேருந்து தேவைப்படலை."

தேவை இப்போது வந்திருந்தது. அடுத்த மாதம் வாசலில் டிக்கெட் கொடுக்கும் இயந்திரம் வரப்போகிறது. கவுண்டரை மூடிவிடுவார்கள். புதிதாக வந்திருக்கும் அதிகாரி வருகையாளர் புத்தகத்தைப் படித்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டு, தகவல் மையம் ஒன்று தொடங்குகிறோம், பூங்காவை உங்களைவிட யாருக்குத் தெரியும், வியாழக்கிழமை என்னை உள்ளே கூட்டிப் போய்க் காட்டுங்கள், சரியாக இருந்தால் அந்த இடம் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். அத்தை தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"சரியா இல்லன்னா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குத்தான். உங்க மாமா வந்து எந்த ஸ்டாப்புல எத்தனை பேர் இறங்கினாங்கன்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு ஆயுசு பூரா உக்காந்திருக்கணும்." போர்வையின் ஓரத்தைப் பிடித்து முறுக்கினார். "அதைவிட முதலை வாயில கையை விடலாம்."

மறுநாள் புதன்கிழமை, பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக அத்தை விடுப்புப் போட்டார். காரணம், பல் பிடுங்குவது. அதற்குப் பொருத்தமாகத் தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, என் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பார்த்தால் பல் பிடுங்கியவர் மாதிரியும் இல்லை, சுற்றுலா வந்தவர் மாதிரியும் இல்லை. எதையோ திருடிவிட்டுத் தப்பித்துப் போகிறவர் மாதிரி இருந்தார்.

கவுண்டரில் அன்றைக்கு மாற்றாக உட்கார்ந்திருந்தவர் பூங்காவின் தோட்டக்காரர். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போலவே நிதானமாக ஒவ்வொரு டிக்கெட்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் முத்திரையைக் காணாமல் தேட ஆரம்பித்தார். மேசைமேல் தேடினார், சட்டைப் பையில் தேடினார். அத்தையால் எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்?

"ரெண்டாவது டிராயர்ல பிஸ்கட் டப்பாக்குள்ள இருக்கு" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

தோட்டக்காரர் எடுத்துக் குத்தினார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்ற யோசனையே அவருக்கு வரவில்லை. நன்றிகூடச் சொன்னார்.

எங்கள் வண்டியின் டிரைவருக்குப் பெயர் பிரேக். அவர் வைத்துக்கொண்ட பெயர் இல்லை, பயணிகள் வைத்தது. ஜீப்பின் பின்பக்கம் இரண்டு நீள பெஞ்சுகள். எதிரெதிராக உட்கார வேண்டும். எங்களோடு கல்யாணமாகி ஒரு வாரமான ஜோடி ஒன்று இருந்தது. வலது பக்கம் வெயில் அடிக்கும் என்று பிரேக் அந்தப் பக்கத்துப் படுதாவை இறக்கிக் கட்டினார். இடது பக்கம் திறந்திருந்தது. அங்கே அகலமாக, மண் நிறத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது.

வாயைத் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் அத்தையிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நான்காம் கம்பம் வரை தாங்கினார். ஐந்தைத் தாண்டியதும் புதுப்பெண்ணின் முழங்காலைத் தட்டினார்.

"அடுத்த கம்பத்துல இடது பக்கம் பாரும்மா. நீர்நாய்."

எல்லோரும் இடது பக்கம் பார்த்தோம். ஆறு இருந்தது. அவ்வளவுதான். ஒன்பதாம் கம்பத்தில் இடது பக்கம் மான் கூட்டம் என்றார். ஆற்றின் நடுவில் மான் எப்படி நிற்கும் என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். அத்தை கொஞ்சம் திணறி, "அது நீந்தும்" என்றார்.

பன்னிரண்டாம் கம்பத்தில் ஒரு பள்ளம். பிரேக் தன் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொண்டார். என் வயிறு புரட்டியது. புதுமணத் தம்பதியின் மேல் வாந்தி எடுக்கக் கூடாதே என்று, பக்கத்தில் இருந்த படுதாவை விலக்கித் தலையை வலது பக்கம் வெளியே நீட்டினேன்.

ஏழு மான்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் குட்டை. குட்டையில் கூழைக்கடாக்கள். கரையில் ஒரு முதலை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தது. எதுவும் ஒளியவில்லை. எந்தச் சத்தத்துக்கும் பழகக் காத்திருக்கவில்லை. ஒரு மான் சாவகாசமாகக் காதை ஆட்டியது.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். மற்ற மூவரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'இந்தப் பக்கம் பாருங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய்வரை வந்த வாந்தியையும் வார்த்தையையும் சேர்த்து விழுங்கினேன். அந்த நொடியில் எனக்கு மானும் நினைவில்லை, அத்தையும் நினைவில்லை. சிவப்பு மையில் எழுதிய ஒரு சொல்தான் கண்ணுக்குள் இருந்தது.

கோபுரத்தடியில் வண்டி நின்றதும் ஜோடி மேலே ஏறிப் போனது. அத்தையைத் தனியே அழைத்துச் சொன்னேன். திரும்பி வருகிறவர்கள் எந்தப் பக்கத்தைச் சொல்வார்கள்? வரும் வழியில் தங்களுக்கு எது இடதோ அதைத்தான். அத்தை அதைப் போகிறவர்களிடம் அப்படியே சொல்கிறார். அவர்களுக்கு அது வலது. அவர்கள் இடது பக்கம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே போய், திரும்பும்போது இடது பக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அத்தை சொன்னது சரி என்று வந்து சொல்கிறார்கள். மறுபடியும் இடது.

அத்தை சாலையில் பத்தடி நடந்தார். இடது கையை நீட்டினார். ஆறு. திரும்பி நின்றார். இடது கை இப்போது குட்டையைக் காட்டியது. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை போய்த் திரும்பினார். பிறகு கையை ஏதோ கடன் வாங்கி வந்த கை போலப் பார்த்தார்.

"பல்லு வலி எப்படிக்கா இருக்கு?" என்றார் பிரேக், வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு.

அத்தை துண்டை அவிழ்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"பல்லா?"

"இடது வலது."

"தெரியும்கா. டிரைவர் எல்லாருக்கும் தெரியும்."

"பத்தொன்பது வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லலையேடா."

பிரேக் தலையைச் சொறிந்தார். பிறகு நியாயமான மனிதர் போல விளக்கினார். போகும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் பத்தாம் கம்பத்திலேயே வண்டியைத் திருப்பச் சொல்வார்களாம். கோபுரம் வரை யாரும் வரமாட்டார்களாம். திரும்பும்போது பார்த்தால் இறங்கும்போது முகம் மலர்ந்திருக்கும், கையும் மலரும். அதனால்தான் போகும்போது படுதா. வெயிலும் மறையும், மானும் மறையும்.

"அதோட, எந்த வண்டி முதல்ல போகணும்னு வரிசை சொல்றது நீங்க. உங்க பேச்சு தப்புன்னு சொல்லிட்டு நாங்க கடைசி வண்டியா நிக்கணுமா?"

அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "நான் உள்ளே வந்ததில்லைன்னும் தெரியுமா?"

"பதினேழாம் கம்பத்துல முதலைப் பாறைன்னு ஒண்ணு சொல்வீங்களேக்கா. அது பாறையே இல்லை. இடிஞ்சு போன பம்ப் செட் ரூம்."

திரும்பும் வழியில் எல்லாம் தெரிந்தன. படுதா இப்போது ஆற்றைத்தான் மறைத்தது. இடது பக்கம் மான்கள், இடது பக்கம் கூழைக்கடாக்கள். புதுப்பெண் ஒவ்வொன்றுக்கும் அத்தையைத் திரும்பிப் பார்த்து, நீங்கள் சொன்னபடியே என்று வியந்தாள். ஆறாம் கம்பத்தில் நிஜமாகவே நீர்நாய்கள் இருந்தன. ஒன்று மல்லாந்து மிதந்துகொண்டு வயிற்றின்மேல் மீனை வைத்துக் கடித்தது. அத்தை பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். வண்டி கடந்து போன பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மீனைத் தலையிலிருந்து தின்னுதுடி" என்றார் என் காதில். "ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மறுநாளைப் பற்றி யோசித்தோம். வலது என்று மாற்றிச் சொன்னால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். ஆனால் நான் என்ன சொன்னேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

"அத்தை, நாளைக்கு ஒரு நாள் பழையபடியே இடதுன்னே சொல்லிடுங்களேன். திரும்பும்போது எப்படியும் எல்லாம் தெரியும். அவரும் நம்பிடுவார்."

அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "உன் புத்தகத்துக்காகவா?"

நான் கண்ணாடியை வாங்கித் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். பஸ் வந்தது. அது மாமாவின் பஸ். பல் எங்கே என்று மாமா கேட்டார். டாக்டர் வேண்டாம்னுட்டார் என்றார் அத்தை. மாமா எங்களுக்கு டிக்கெட் கிழித்தார்.

வியாழக்கிழமை காலையில் அதிகாரி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். புது பூட்ஸ், கையில் குறிப்பேடு. வாசல் திறந்ததும் முதல் வண்டி தங்களுடையதாக இருக்க வேண்டும், மற்றவர்கள் வந்து கலைத்துவிடக் கூடாது என்று ஏற்பாடு செய்திருந்தார். இந்தப் பூங்காவைப் பற்றி ஆராய்ச்சி செய்த பெண் என்று அத்தை சொன்னதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பிரேக் பழக்கத்தில் படுதாவை இறக்கப் போனார்.

"மேல தூக்கிக் கட்டு" என்றார் அத்தை.

வெயில் நேராக எங்கள் முகத்தில் அடித்தது. அதிகாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தார். அத்தை எந்தப் பக்கம் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் கம்பம் போனது. அத்தை என்னை ஒரு முறை பார்த்தார்.

"ஆறாம் கம்பம் சார். வலது பக்கம். நீர்நாய்."

வலது பக்கம் பார்த்தோம். குட்டை இருந்தது. நீர்நாய் இல்லை.

ஒன்பதாம் கம்பத்தில் வலது பக்கம் மான் என்றார். புல் இருந்தது. பன்னிரண்டில் கூழைக்கடா என்றார். கூழைக்கடா உட்கார்ந்து எழுந்து போன குட்டை இருந்தது. முதலைகூட இல்லை. முந்தின நாள் அங்கே நின்று காதை ஆட்டிய அந்த மானைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. இடது என்று சொல்லியிருந்தால் 'திரும்பும்போது பார்க்கலாம்' என்று சமாளித்திருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை. அதிகாரி ஒன்றும் எழுதாத பக்கத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பது வருஷம் என்று சொன்னீர்களே" என்றார் மரியாதையாக.

பதினாலாம் கம்பத்தில் அத்தை பிரேக்கை வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"சார், நான் இதுக்கு முன்னாடி ஒரு தடவைதான் உள்ளே வந்திருக்கேன். அது நேத்து. பல்லு புடுங்கன்னு லீவு போட்டுட்டு வந்தேன். பல்லு அப்படியேதான் இருக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். திரும்புச் சீட்டு, பென்சில், இடது, வலது, படுதாவைத் தவிர எல்லாம். படுதா என்ற சொல் வருமோ என்று பிரேக் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அத்தை முடித்ததும் எனக்கும் வாய் திறந்துகொண்டது.

"சார், என் ஆய்வேடும் தப்பு. அதுல இருக்கிற விதிவிலக்குகள்தான் சரி."

"எந்த ஆய்வேடு?" என்றார் அதிகாரி.

அத்தை அவரிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தார். அவர் அதில் "பார்வையிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பியும் அனுப்பியிருந்தார். என் வாழ்க்கையின் மிகப் பெரிய வாக்குமூலம், கேட்க ஆளில்லாமல் ஜீப்புக்குள் சுற்றி வந்து என் மடியிலேயே விழுந்தது.

அதிகாரி அத்தை பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் புத்தகம் பூராவும் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு ஏன் ஒன்றுகூடச் சரியாக இல்லை?"

அத்தை உடனே பதில் சொன்னார். யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. இதுகூடத் தெரியாதா என்பது போல இருந்தது.

"இன்னைக்கு இன்னும் யாரும் திரும்பி வரலையே சார். நாமதானே முதல் வண்டி. யாராவது வந்து சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்பீர்கள் என்று கேட்டார். எல்லாரிடமும் என்றார் அத்தை. பொய் சொல்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றார். பொய் சொல்கிறவர்கள் கம்ப எண்ணைக் கேட்டால் கீழே பார்ப்பார்கள், நிஜமாகப் பார்த்தவர்கள் மேலே பார்ப்பார்கள் என்றார் அத்தை. எந்த மாதத்தில் மான்கள் எத்தனாவது கம்பத்துக்கு நகரும் என்று கேட்டார். அத்தை தண்ணீர் வடிந்த வாரத்திலிருந்து தொடங்கி வாரம் வாரமாகச் சொன்னார். பக்கங்கள் நிறைந்தன. மானே இல்லாத இடத்தில் வண்டி அரைமணி நேரம் நின்றது. பிரேக் தூங்கிவிட்டார்.

வாசலுக்கு வந்து இறங்கியதும் அதிகாரி இரண்டு விஷயங்கள் சொன்னார். பொய் சொல்லி விடுப்பு எடுத்ததற்கு ஒரு விளக்கக் கடிதம் வேண்டும். தகவல் மையத்தில் ஒன்றாம் தேதியிலிருந்து உட்காரலாம், இந்தப் பருவம் முடியும் வரை பார்ப்போம், பிறகு நிரந்தரம் பற்றி யோசிப்போம். திரும்பி வருகிறவர்கள் இனித் தகவல் மையத்தில்தான் சீட்டைக் கொடுக்க வேண்டும்.

அத்தை இரண்டாவதைக் கேட்டதும் முதலாவதை மறந்துவிட்டார். கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதோடு கல்லூரிக்கும் ஒன்று எழுதினேன்: என் ஆய்வேட்டின் முடிவு தவறு, விலங்குகளிடம் பிழை இல்லை, கேட்ட விதத்தில்தான் பிழை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மதிப்பெண்ணை மாற்றக் கோரும் காலக்கெடு முடிந்துவிட்டதாம். குறைக்கச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். இப்போது சனி ஞாயிறு தகவல் மையத்தில் அத்தையின் சீட்டுகளை முதலிலிருந்து மறுபடி பிரித்துக்கொண்டிருக்கிறேன். அது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு என்ன தெரியும் என்ற கேள்வி வந்தால், அவ்வளவாகப் பதறுவதில்லை.

தகவல் மையம் திறந்த அன்று தச்சர் மேசையைப் போட்டு, உலகத்தில் எல்லா அலுவலகங்களிலும் இருப்பது போல, வருகிறவர்களைப் பார்த்தபடி நாற்காலியை வைத்தார். அத்தை வந்தார். உட்கார்ந்தார். இடது கையை நீட்டிப் பார்த்தார். எழுந்து நாற்காலியைத் தூக்கி, முகம் பூங்காவைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டார். வருகிறவர்களுக்கு முதுகு. தச்சர் தடுத்தார். அதிகாரி வந்து, மரியாதையாக இருக்காதே என்றார்.

"உள்ளே போறவங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கிறாங்களோ, நானும் அந்தப் பக்கம்தான் பாக்கணும் சார். மரியாதையைப் பாத்தா மான் தெரியாது."

அதிகாரி யோசித்துவிட்டுப் போய்விட்டார். இப்போதும் நாற்காலி அப்படித்தான் இருக்கிறது. ஜனங்கள் அத்தையின் கொண்டையைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். அத்தை காட்டைப் பார்த்தபடியே பதில் சொல்கிறார். போன வாரம் ஒரு பெரியவர், கையில் தொப்பியோடு, பொறுமை இழந்துவிட்டார்.

"ஏம்மா, மனுஷன் பேசறப்ப கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினா என்ன?"

"திரும்பினா தப்பாயிடும் சார்" என்றார் அத்தை, அசையாமல். "நீங்க சொல்லுங்க. என்ன பாக்கணும்?"